ஒல்லியான பெண்ணுக்கு மரம் ஏறும் ஹார்னஸ் எப்படித் தேர்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். கேட்டவர் இங்கிலாந்தில் மரப் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்திருக்கிறார். உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 47 கிலோ. ஹார்னஸ் என்பது ரோப்பில் தொங்குவதற்காக இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டைத் தொகுப்பு. கல்லூரியில் கொடுத்த ஹார்னஸின் பெல்ட்டை முடிந்தவரை இறுக்கினாலும் தொங்கிய கொஞ்ச நேரத்தில் அது விலாவுக்கு ஏறிவிடுகிறது, தொடை மரத்துப்போகிறது. "போகப்போகப் பழகிவிடும்" என்கிறார்கள். சொந்தமாக வாங்கினால் எதை வாங்குவது, ஒல்லியான பெண்களுக்கென்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பழகாது. புது ஹார்னஸின் விறைப்பு பழகும், தொடை தசை கொஞ்சம் பழகும், ஆனால் சைஸ் பெரிதாக இருக்கும் பெல்ட் எத்தனை மாதம் ஆனாலும் பெரிய பெல்ட்தான். நீங்கள் பலவீனமாக இருப்பதால் வலிக்கவில்லை, உங்கள் எடை தவறான இடத்தில் விழுகிறது, அதனால் வலிக்கிறது. உங்களை மாதிரி உடம்பு உள்ள பெண்கள் நிறையப் பேர் இந்தக் கட்டத்தில்தான் "எனக்கு இந்த வேலை சரிப்படாது" என்று முடிவு செய்து விலகுகிறார்கள், அதனால்தான் நீளமாகவே எழுதுகிறேன்.

மர வேலை ஹார்னஸில் எடை எங்கே போக வேண்டும் என்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இடுப்பைச் சுற்றி பெல்ட், இரண்டு தொடைக்கும் லெக் லூப், முன்னால் இடமிருந்து வலமாக ஒரு கயிறு அல்லது பட்டை, அதைத்தான் பிரிட்ஜ் என்கிறோம். மேலே போகிற ரோப் அந்த பிரிட்ஜில் ஓடும் ரிங்கில்தான் மாட்டும். இது தவிர இரண்டு பக்கமும் ஒவ்வொரு டி-ரிங், லான்யார்ட் என்ற குட்டைக் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டுச் சாய்ந்து நிற்பதற்கு. ரோப்பில் தொங்கும்போது எடையில் பெரும்பங்கு தொடையிலும் பிட்டத்திலும் இறங்க வேண்டும், பெல்ட் முதுகைத் தாங்கிப் பிடித்தால் போதும். லான்யார்டில் சாயும்போது மட்டும் பெல்ட்டின் பின்பக்கம் நிஜமாக எடை வாங்கும். பெல்ட் பெரிதாக இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் குலைந்துபோகிறது: பெல்ட் வழுகி மேலே ஏறுகிறது, அதோடு லெக் லூப்பையும் இழுக்கிறது, லூப் தொடையின் உள்பக்கத்தில் வெட்டுகிறது, மரத்துப்போகிறது.

பெரும்பாலான மர வேலை ஹார்னஸ்கள் ஆண், பெண் இருவருக்கும் பொது என்றுதான் விற்கப்படுகின்றன. நடைமுறையில் அந்தப் "பொது" ஒரு நடுத்தர ஆண் உடம்பை வைத்துப் போட்ட அளவு. மரப் பராமரிப்பாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.எஸ்.ஏ. நடத்தும் உலக மரம் ஏறும் போட்டியில் 2001-லிருந்தே பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, நியூசிலாந்தின் கிறிஸ்ஸி ஸ்பென்ஸ், இங்கிலாந்தின் ஜோ ஹெட்ஜர் மாதிரியானவர்கள் பல முறை பட்டம் வென்றிருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் கடைக்குப் போனால் பாறை ஏறுபவர்களுக்கு இருக்கும் அளவுக்குப் பெண்கள் மாடல்கள் நமக்கு இல்லை. ஆகவே "பெண்களுக்கானது" என்ற லேபிளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் உடம்பில் எந்தெந்த இடத்தில் அளவு பொருந்த வேண்டும் என்று தெரிந்துகொண்டு அதைத் தேடுங்கள்.

அளவெடுப்பதிலிருந்து தொடங்கலாம். ஜீன்ஸ் சைஸை மறந்துவிடுங்கள். தையல் டேப்பை எடுத்து, தொப்புளுக்கு நேராக இல்லாமல், இரண்டு பக்கமும் கையை வைத்தால் தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பெல்ட் உட்கார வேண்டிய இடம் அதுதான். ஒல்லியான பெண்களில் பலருக்கு இந்த அளவுக்கும் அதற்கு மேலே இருக்கும் இடைக்கும் 8, 10 செ.மீ. வித்தியாசம் இருக்கும். பெல்ட் வழுகி மேலே போவதற்கு முதல் காரணமே இதுதான், எலும்பின் மேல் பிடிப்பில்லாத பெல்ட் அதைவிடக் குறுகலான இடத்தைத் தேடிப் போய்விடுகிறது. அப்புறம் தொடையின் மேல்பகுதிச் சுற்றளவு, இரண்டு தொடையிலும். இதையெல்லாம் செயின்சா டிரவுசரைப் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும், வீட்டில் போடும் லெக்கிங்ஸோடு அளந்தால் பிரயோஜனமில்லை. முன்பக்கம் மட்டும் பாதுகாப்பு அடுக்கு உள்ள டைப் ஏ டிரவுசருக்கும் காலைச் சுற்றிலும் அடுக்கு உள்ள டைப் சி டிரவுசருக்கும் தொடை அளவில் நன்றாகவே வித்தியாசம் வரும். குளிர்காலத்தில் உள்ளே ஒரு அடுக்கு கூடும். கோடையில் மெல்லிய உடையோடு ஒரு அளவு, ஜனவரிக் குளிருக்குப் போடும் எல்லாவற்றோடும் ஒரு அளவு, இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலைப் பாருங்கள். ஒன்று 1, 2 என்று போடும், இன்னொன்று எஸ், எம், எல் என்று போடும், ஒருவரின் எஸ் இன்னொருவரின் எம் ஆக இருக்கும். எழுத்தைப் பார்க்காமல் செ.மீ.-ஐப் பாருங்கள். உங்கள் கோடை அளவு பட்டியலில் உள்ள குறைந்தபட்ச அளவை ஒட்டி இருந்தால் அந்த சைஸ் உங்களுக்கு இல்லை. 70-லிருந்து 100 செ.மீ. வரை என்று போட்டிருக்கிறது, நம் அளவு 71, அப்படியானால் பொருந்தும் என்று நினைக்கத் தோன்றும். 71-ல் அந்த பெல்ட் முழுக்க இறுகி பக்கிள் திண்டில் போய் இடித்து நிற்கும், அதற்கு மேல் இழுக்க இடமே இருக்காது. நாள் முழுக்க வேலை செய்து, சாப்பிடாமல், வியர்த்து, மாலையில் இடுப்பு ஒரு செ.மீ. குறைந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு பக்கமும் இறுக்கவும் தளர்த்தவும் இடம் இருக்கிற சைஸ்தான் சரியான சைஸ்.

கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய ஒரு அடையாளம் இருக்கிறது. ஹார்னஸைப் போட்டு இறுக்கிவிட்டுக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். பக்கவாட்டு டி-ரிங் இரண்டும் உங்கள் இடுப்பின் பக்கவாட்டில், சட்டையின் பக்கத் தையலுக்கு நேராகவோ அதற்குச் சற்று முன்னாலோ இருக்க வேண்டும். பெல்ட் பெரிதாக இருந்தால் பின்பக்கத் திண்டு உங்கள் முதுகைத் தாண்டிப் பக்கங்களையும் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும், ரிங் இரண்டும் வயிற்றுப் பக்கம் நகர்ந்திருக்கும், மீதிப் பட்டை நீளமாகத் தொங்கும். இந்த நிலையில் லான்யார்டில் சாய்ந்தால் பிடிப்பு முன்னால் இருந்து வரும், உடம்பைத் திருப்ப முடியாது, செயின்சாவை ஒரு பக்கம் நீட்டி வெட்டும்போது உடம்பு எதிர்ப்பக்கம் சுழலும். வசதிக்குறைவு என்பதோடு நிற்காமல் வெட்டு தவறவும் இது காரணமாகிறது. கல்லூரி ஹார்னஸில் உங்கள் ரிங் எங்கே நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது பெல்ட்டுக்கும் லெக் லூப்புக்கும் நடுவே உள்ள தூரம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பெண்களுக்கு இதுதான் அதிகமாகத் தொல்லை தருகிறது. பாறை ஏறும் ஹார்னஸ் செய்கிறவர்கள் பெண்கள் மாடலில் இந்தத் தூரத்தைக் கூட்டித் தைப்பது வழக்கம். மர வேலை ஹார்னஸில் அதை நாமேதான் சரிசெய்துகொள்ள வேண்டும், பின்னால் பிட்டத்தின் மேல் போகும் இரண்டு பட்டைகளும் முன்னால் பிரிட்ஜ் ரிங்கிலிருந்து லூப்புக்குப் போகும் பட்டைகளும் நீளத்தை மாற்றக்கூடியவையா என்று பாருங்கள். மாற்ற முடியாத மாடல் என்றால் வேண்டாம். தூரம் குறைவாக இருந்தால் லூப் இடுக்கில் வெட்டும் அல்லது பெல்ட்டைக் கீழே இழுக்கும். அதிகமாக இருந்தால் லூப் தொடையின் நடுவுக்கு நழுவி, நீங்கள் முழங்கால் மேலே தூக்கி மல்லாந்த மாதிரி தொங்குவீர்கள். முன்பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் எடை பெல்ட்டை விட்டுத் தொடைக்கு இறங்குவதை உடம்பே சொல்லும். அங்கே நிறுத்துங்கள்.

லெக் லூப்பின் இறுக்கம் சுலபம்: விரித்த கை உள்ளே போக வேண்டும், மூடிய கை போகக் கூடாது. ஒல்லித் தொடைக்குப் பிரச்சினை லூப்பின் திண்டு நீளம்தான், பட்டை எவ்வளவு இறுகினாலும் திண்டின் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் அந்த மடிப்பு தொடையின் உள்பக்கத்தில் உராயும், ஒரு நாள் வேலைக்குள் தோல் உரிந்துவிடும்.

பெல்ட்டின் அகலத்துக்கு வருவோம். கடையில் அகலமான, தடித்த பெல்ட்டைக் காட்டி "இதுதான் சொகுசு" என்பார்கள். 6 அடி ஆளுக்கு அது உண்மை. உங்கள் உயரத்துக்கு இடுப்பெலும்புக்கும் கடைசி விலாவுக்கும் நடுவே இருப்பது சில விரல்கட்டை இடம்தான். அகல பெல்ட் அந்த இடத்தை முழுக்க நிரப்பிவிடும், குனிந்தால் மேல்விளிம்பு விலாவில் குத்தும், உட்கார்ந்தால் கீழ்விளிம்பு இடுப்பெலும்பில் அழுத்தும். "பெல்ட் ஏறி வருகிறது" என்று நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம், ஏறுவதற்கு முன்பே அது அங்கேதான் இருந்திருக்கும். பின்னால் அகலமாகவும் பக்கங்களில் சட்டென்று குறுகியும் வருகிற பெல்ட் சிறிய உடம்புக்கு நல்லது.

மரத்துப்போவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் ஒரு தோல் நரம்பு இறங்கி, தொடையின் முன்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் போகிறது. சதைப்பற்று குறைவாக இருப்பவர்களுக்கு பெல்ட்டின் விளிம்போ ரிங்கின் அடிப்பாகமோ நேராக அதன் மேல் அழுத்தும். தொடையின் வெளிப்பக்கத்தில் எரிச்சல், ஊசி குத்துவது, தோல் மரத்த உணர்வு, இவை வந்தால் அந்த நரம்புதான் காரணமாக இருக்கும். பெல்ட்டை ஒரு விரல் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். வீட்டுக்குப் போன பிறகும் உணர்வு திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். கால் முழுவதும் பாதம் வரை மரத்துப்போனால் அது லெக் லூப் ரத்த ஓட்டத்தையோ நரம்பையோ பிடிப்பதாக இருக்கும், உடனே இறங்கிச் சரிசெய்ய வேண்டும்.

பிரிட்ஜ் நீளமும் உங்களுக்கு முக்கியம். நீளமான பிரிட்ஜ் இருந்தால் உடம்பை இரண்டு பக்கமும் தாராளமாகத் திருப்பலாம், அதனால் பலருக்குப் பிடிக்கும். ஆனால் பிரிட்ஜ் நீள நீள ரோப் கருவி (ரோப்பில் ஏறவும் இறங்கவும் கையால் இயக்குவது) முகத்துக்கு மேலே போய்விடும், கை நீளம் குறைந்தவர் ஒவ்வொரு முறையும் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும், தோள் போய்விடும். தொங்கும்போது முழங்கையைக் கொஞ்சம் மடக்கிய நிலையிலேயே கருவி கைக்கு வர வேண்டும். பெரும்பாலான மாடல்களில் குட்டை பிரிட்ஜ் தனியாக வாங்கலாம், அல்லது முடிச்சால் சுருக்கலாம். எது அனுமதி என்பது அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும், அதன்படிதான் செய்ய வேண்டும்.

இனி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. தொங்கிப் பார்க்காமல் ஒரு ஹார்னஸையும் வாங்காதீர்கள். நின்றுகொண்டு போட்டுப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். மர வேலைப் பொருள் விற்கும் கடைகளில் தொங்கிப் பார்க்கக் கொக்கி இருக்கிறதா என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் ஏ.பி.எஃப். மாதிரி வனத்தொழில் கண்காட்சிகளில் பல நிறுவனங்களின் ஹார்னஸ்களை ஒரே நாளில் பார்க்கலாம். போகும்போது உங்கள் செயின்சா டிரவுசர், ஷூ, லான்யார்ட் எல்லாம் எடுத்துப் போங்கள். ஒரு மாடலுக்குக் குறைந்தது 15 நிமிடம் தொங்குங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எதுவும் தெரியாது, பத்துக்குப் பிறகுதான் எலும்பு பேசத் தொடங்கும். சும்மா தொங்காமல் வேலை செய்கிற மாதிரியே செய்யுங்கள்: இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள், ஒரு காலைச் சுவரில் ஊன்றிப் பக்கவாட்டில் நீட்டி நில்லுங்கள், லான்யார்டைத் தூணில் போட்டுச் சாயுங்கள், ரோப்பிலிருந்து லான்யார்டுக்கும் திரும்ப ரோப்புக்கும் எடையை மாற்றிப் பாருங்கள். இந்த மாற்றம் நடக்கும் ஒவ்வொரு முறையும் பெல்ட் எவ்வளவு நகர்கிறது என்று கவனியுங்கள். இரண்டு விரல் நகர்ந்தால் பரவாயில்லை. இறங்கியதும் பெல்ட்டைக் கையால் இழுத்து இடத்தில் வைக்க வேண்டியிருந்தால் அது உங்களுக்குப் பொருந்தவில்லை.

இன்னொரு சோதனை, இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, தவறவே விடாதீர்கள். எல்லாம் இறுக்கிய பிறகு நின்றபடி பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே பலமாகத் தள்ளுங்கள். இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கினால் அந்த ஹார்னஸில் மரம் ஏறக் கூடாது. இடுப்பு மட்டும் சுற்றிய ஹார்னஸ் நம்மைத் தலைகீழ் நிலையில் பிடித்து வைப்பது அந்த எலும்பின் அகலத்தால்தான். சின்னக் குழந்தைகளுக்கு இடுப்பு உருவாகாததால்தான் முழு உடம்பு ஹார்னஸ் போடுகிறார்கள். ஒடுங்கிய இடுப்புள்ள பெரியவர்களுக்கும் இதே அபாயம் குறைந்த அளவில் உண்டு. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, மெதுவாகத் தலைகீழாகச் சாய்ந்து பாருங்கள். நழுவுகிற உணர்வு கொஞ்சம் இருந்தாலும் சிறிய சைஸுக்குப் போங்கள், அதுவும் போதவில்லை என்றால் அந்த ஹார்னஸுக்கென்றே அதே நிறுவனம் செய்யும் மார்புப் பகுதியைச் சேர்த்துப் போடுங்கள்.

தோள்பட்டை சஸ்பெண்டர் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். நல்ல பொருள்தான், இடுப்பில் கருவிகள் தொங்கும் எடையைத் தோள் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், நடக்கும்போது பெல்ட் கீழே இறங்காது. ஆனால் உங்களுக்கு இருக்கும் பிரச்சினை பெல்ட் மேலே ஏறுவது, சஸ்பெண்டர் அதை இன்னும் மேலேதான் இழுக்கும். எஸ்.ஆர்.டி. (ஒற்றை ரோப்) முறையில் ஏறும்போது, ரோப்பைப் பற்றி மேலே ஏற உதவும் அசெண்டர் கருவிக்காக மார்பில் மாட்டும் பட்டையும் இப்படியே, பெல்ட் சரியாக உட்கார்ந்த பிறகுதான் அதை இறுக்க வேண்டும். அது மார்பின் நடுவே நேராகப் போகிறதா, கழுத்தில் உராய்கிறதா என்பதையும் தொங்கும்போதே பாருங்கள். கடைக்காரர் ஆணாக இருந்தால் இதை அவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவிகளின் எடையையும் கணக்கில் எடுங்கள். ஹார்னஸ் தானே சுமார் 2 கிலோ. ஸ்டில் எம்.எஸ். 201 டி.சி.-எம் செயின்சாவின் வெறும் எடை 3.7 கிலோ, அதற்கு மேல் பார், செயின், எரிபொருள். 90 கிலோ ஆளுக்கு இது ஒன்றுமில்லை. 47 கிலோ உடம்பில் ஒரு பக்கம் இவ்வளவு தொங்கினால் பெல்ட் சாயும், அந்தப் பக்கத்து ரிங் இடுப்பெலும்பில் உட்கார்ந்து அழுத்தும். செயின்சாவைப் பின்பக்க ரிங்கில் தொங்கவிட்டு, கைரம்பமும் முதலுதவிப் பையும் எதிர்ப்பக்கம் மாட்டினால் ஓரளவு சமமாகும். சின்னக் கிளை வேலைக்கு எம்.எஸ். 151 மாதிரி 2.6 கிலோ செயின்சா கிடைக்கிறது, ஒரு கிலோவுக்கு மேல் குறைவது மாலையில் நன்றாகத் தெரியும். தொங்கிப் பார்க்கும்போது கடைக்காரரிடம் கேட்டு ஒரு செயின்சாவையும் மாட்டிக்கொள்ளுங்கள்.

எந்த மாடல் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் உடம்பைப் பார்க்காமல் இதை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன், எந்த வரிசையில் போட்டுப் பார்ப்பது என்று சொல்கிறேன். டாய்ஃபல்பெர்கரின் ட்ரீமோஷன், ஜெர்மனியின் உலகச் சாம்பியன் பெர்ன்ட் ஸ்ட்ராசர் பங்கெடுத்து உருவானது, கால் அசைவுக்குத் தாராளமாக இருப்பதற்குப் பேர் வாங்கியது, அதன் சிறிய சைஸை முதலில் போட்டுப் பாருங்கள். பெட்சலின் செக்கோயா அடுத்தது. அகலமான, சற்று விறைப்பான பெல்ட், தாங்குதிறன் அருமை, ஆனால் மேலே சொன்ன விலா பிரச்சினையை இதில் குறிப்பாகச் சோதியுங்கள். எடெல்ரிட், கூரான் போன்ற ஐரோப்பிய நிறுவனங்களின் சிறிய சைஸ்களும் பார்க்கத் தகுந்தவை. அமெரிக்காவில் ஓரிகனில் இருக்கும் நியூ ட்ரைப் நிறுவனம் மரம் ஏறும் ஹார்னஸ்களைப் பல வருடமாகச் செய்துவருகிறது, பொழுதுபோக்குக்கு மரம் ஏறும் பெண்கள் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் வேலைக்குப் பயன்படுத்துவதானால் எந்த ஹார்னஸாக இருந்தாலும் ஈ.என். 813, ஈ.என். 358 இரண்டும் அதன் லேபிளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். முதலாவது உட்கார்ந்து தொங்குவதற்கான தரம், இரண்டாவது பக்கவாட்டு ரிங்கில் சாய்ந்து நிற்பதற்கான தரம். சில நிறுவனங்கள் இடுப்புப் பகுதியையும் லெக் லூப்பையும் வெவ்வேறு சைஸில் சேர்த்துக் கொடுக்கும், கேட்டுப் பாருங்கள். இடுப்பு சின்னது, தொடை அப்படியில்லை என்கிறவர்களுக்கு இது பெரிய விடிவு.

பாறை ஏறும் பெண்கள் ஹார்னஸ் விலை குறைவு, அளவும் கச்சிதமாக இருக்கும், அதையே போட்டுக்கொள்ளலாமா என்ற எண்ணம் வரும். வேண்டாம். அது விழுந்தால் பிடிப்பதற்காகச் செய்தது, மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க அல்ல, பக்கவாட்டு ரிங்கும் இல்லை, வேலைக்கான தரச்சான்றும் கிடையாது. அதேபோல் உங்கள் ஹார்னஸின் பெல்ட்டை யாரிடமாவது கொடுத்துத் தைத்துச் சின்னதாக்குவது, பட்டையில் ஓட்டை போடுவது, நீண்டு தொங்கும் பட்டையை வெட்டுவது எதையும் செய்யாதீர்கள். ஒரு தையல் மாறினாலும் சான்று போய்விடும், தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. திண்டு உராய்கிற இடத்தில் உள்ளே மெல்லிய துணி உறை போடுவது வரைக்கும் சரி.

வெளிப்படையாகவே சொல்கிறேன், சிறுநீர் கழிக்கப் போவதையும் யோசித்து வாங்குங்கள். காட்டிலோ யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்திலோ வேலை நடக்கும், பெல்ட், லெக் லூப், செயின்சா டிரவுசர் எல்லாவற்றையும் கழற்றி மாட்டக் கால்மணி நேரம் ஆகும் என்றால் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்றால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அது உடம்புக்குக் கேடு, மாதவிடாய் நாட்களில் இன்னும் கஷ்டம். லெக் லூப்பில் சட்டென்று கழலும் பக்கிள் இருந்து, பின்பட்டையையும் விடுவிக்க முடிந்தால், பெல்ட்டை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடலாம். திரும்ப ஏறும் முன் ஒவ்வொரு பக்கிளையும் தொட்டுப் பார்த்து, இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காசு விஷயம். நல்ல புது ஹார்னஸ் தோராயமாக 300 முதல் 500 பவுண்ட் வரை போகும், மாணவருக்கு இது பெரிய தொகைதான். பழையது வாங்குவதைத் தவிர்த்துவிடுங்கள், எத்தனை முறை அடி வாங்கியது, எந்த எண்ணெய் பட்டது என்று வெளியே தெரியாது. துணியாலான பாகங்களுக்கு ஆயுள் வரம்பும் உண்டு, பெட்சல் தயாரிப்பு தேதியிலிருந்து அதிகபட்சம் 10 வருடம் என்கிறது. படிப்பு முடித்து யாரிடமாவது சம்பளத்துக்குச் சேர்ந்தால் ஹார்னஸ் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு, அதற்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. இங்கே 1992-லிருந்து இருக்கும் பாதுகாப்புச் சாதன விதிகள், கொடுக்கும் சாதனம் போடுபவரின் உடம்புக்குச் சரியாகப் பொருந்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்றே சொல்கின்றன. ஆகவே "எனக்குச் சின்ன சைஸ் வேண்டும்" என்று கேட்பது சலுகை கேட்பது இல்லை. சொந்தமாக வாங்கியதோ அவர்கள் கொடுத்ததோ, வேலையில் பயன்படும் ஹார்னஸை லோலர் (தூக்கும் சாதனங்களுக்கான) விதிப்படி 6 மாதத்துக்கு ஒரு முறை தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும். வாங்கும்போது வரும் சீரியல் எண், கையேடு இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

அமெரிக்காவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: மசாசூசெட்சைச் சேர்ந்த பேர் (Bear) லெவாஞ்சி, மெலிசா லெவாஞ்சி சகோதரிகள் தொடங்கிய பெண்கள் மரம் ஏறும் பயிற்சி முகாம் அங்கே நடக்கிறது. பல உடல்வாகு உள்ள பெண்கள் கூடும் இடம், எந்த ஹார்னஸ் யாருக்குப் பொருந்தியது என்று நேரில் கேட்கலாம்.

உங்களுக்கு அடுத்த வகுப்பு வருவதற்குள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிரவுசரோடு இடுப்பெலும்பு அளவும் தொடை அளவும் எடுங்கள். கல்லூரி ஹார்னஸின் லேபிளில் உள்ள குறைந்தபட்ச அளவை எழுதிக்கொள்ளுங்கள், ரிங் எங்கே நிற்கிறது என்ற போட்டோவையும் சேர்த்துப் பயிற்சியாளரிடம் காட்டி, இதைவிடச் சின்ன சைஸ் ஒன்று கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் "பழகிவிடும்" என்பவர்கள் அளவைக் காட்டினால் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள், சி.எஸ். 38 (மரம் ஏறுவதற்கும் மீட்புக்குமான பழைய தகுதித் தேர்வு) காலத்திலிருந்தே பயிற்சி கொடுப்பவர்களுக்கு அந்த எண்களின் அர்த்தம் நன்றாகவே தெரியும். சின்ன சைஸ் வரும் வரை உயரத்தில் நீண்ட நேரம் தொங்கும் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். முடிச்சு, லான்யார்ட் பழக்கம், மீட்புப் பயிற்சியின் தரைப்பகுதி எல்லாம் அதற்குள் செய்துவிடலாம். கடைக்குப் போய்த் தொங்கிப் பார்த்த பிறகு உங்கள் இரண்டு அளவுகளையும், எந்த மாடலில் ரிங் எங்கே நின்றது, எந்த நிமிடத்தில் எங்கே வலித்தது என்பதையும் எழுதுங்கள், அதை வைத்து முன்பட்டை, பின்பட்டை நீளங்களை எப்படி மாற்றுவது என்று சொல்கிறேன்.